மோட்டன் ஃபீல்டு: பிரித்து வைப்பதற்காகக் கட்டிய பயிற்சித் தளம்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், மாண்ட்கோமரி நகரத்தை ஒட்டி மேக்ஸ்வெல் ஃபீல்டு என்ற ராணுவ விமானத்தளம் இருக்கிறது. 1941-இல் தென்கிழக்கு மாநிலங்களின் விமானிப் பயிற்சிக்கெல்லாம் அதுதான் தலைமையிடம். அதே நகரத்தில் கன்டர் ஃபீல்டு, கொஞ்சம் மேற்கே செல்மாவில் கிரெய்க் ஃபீல்டு. விமானம், பயிற்றுநர், எரிபொருள், பணிமனை எல்லாம் தயாராக இருந்தன. அந்த ஆண்டின் நடுவிலிருந்து பிரிட்டிஷ் இளைஞர்கள்கூட அட்லாண்டிக்கைக் கடந்து வந்து அந்தத் தளங்களில் பறக்கக் கற்றார்கள்.

அதே மாதங்களில், மாண்ட்கோமரிக்குக் கிழக்கே சுமார் 40 மைல் தூரத்தில் டஸ்கீகி என்ற சிற்றூருக்கு வெளியே மரம் வெட்டி, மண்ணைச் சமப்படுத்தி, இன்னொரு பயிற்சித் தளத்தை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அலபாமாவிலேயே பிறந்த அமெரிக்கக் குடிமகன், கறுப்பினத்தவன் என்றால் மேக்ஸ்வெல்லில் விமானி மாணவனாக நுழைய முடியாது. பிரிட்டனிலிருந்து வந்தவனுக்கு இடம் உண்டு, இவனுக்கு இல்லை. அதனால்தான் இரண்டாவது தளம். அதற்குப் பின்னாளில் வந்த பெயர் மோட்டன் ஃபீல்டு.

டஸ்கீகியில் பயின்று இரண்டாம் உலகப் போரில் பறந்த கறுப்பின அமெரிக்கர்களான டஸ்கீகி விமானிகளின் கதை பலமுறை சொல்லப்பட்டதுதான். இங்கே நான் பார்க்க விரும்புவது வீரர்களை அல்ல, அந்தத் தளத்தை. யார் பணத்தில் எழுந்தது, எப்படி இயங்கியது, அது ஒன்றே ஒன்றாக இருந்ததால் என்ன ஆனது, எந்தப் பகுதி இன்று மிஞ்சியிருக்கிறது என்பவை.

தளத்துக்கு முன்

முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளில், 1925-இல், அமெரிக்க ராணுவப் போர்க் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. கறுப்பினத்தவர்களுக்குத் துணிவும் அறிவும் குறைவு, தொழில்நுட்பப் பணிகளுக்கு அவர்கள் சரிப்பட மாட்டார்கள் என்பது அதன் சாரம். ஆய்வு என்ற பெயரில் வந்த அப்பட்டமான இனவெறி அது. ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகள் ராணுவம் அதைப் பிடித்துக்கொண்டே நின்றது. வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் சக மாணவர்கள் யாரும் பேசாமல் ஒதுக்கிவைத்தும் 1936-இல் பட்டம் பெற்று வெளியே வந்த பெஞ்சமின் டேவிஸ் ஜூனியர், விமானப் பிரிவில் சேர விண்ணப்பித்தார். கறுப்பினப் பிரிவு எதுவும் அங்கே இல்லை, ஆகவே உங்களுக்கு இடமில்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

கதவு திறந்தது ராணுவத்தின் வழியாக அல்ல. 1939-இல் அரசு, கல்லூரி மாணவர்களுக்குப் பறக்கக் கற்றுத்தரும் குடிமக்கள் விமானிப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. போர் வந்தால் கைவசம் விமானிகள் இருக்க வேண்டும் என்ற கணக்கு. அதில் கறுப்பினக் கல்லூரிகளும் சேர்க்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. சிகாகோவின் கறுப்பின விமானிகளில் இருவர், சான்சி ஸ்பென்சரும் டேல் வைட்டும், அந்த மே மாதம் ஒரு பழைய விமானத்தில் வாஷிங்டனுக்கே பறந்து போய் ஆதரவு திரட்டினார்கள். அவர்கள் சந்தித்தவர்களில் அப்போது செனட்டராக இருந்த ஹாரி ட்ரூமனும் ஒருவர்.

டஸ்கீகி கல்வி நிலையம் உடனே விண்ணப்பித்து இடம் பிடித்தது. 1881-இல் புக்கர் டி. வாஷிங்டன் தொடங்கிய நிறுவனம் அது. அப்போது அதன் தலைவர் ஃப்ரெடரிக் பேட்டர்சன். தொடக்கத்தில் மாணவர்கள் பறப்பதற்காக மாண்ட்கோமரி வரை போய்வர வேண்டியிருந்தது. அப்புறம் ஊருக்குத் தெற்கே குத்தகைக்கு எடுத்த ஒரு புல்வெளியை, மாணவர்களும் கைகொடுக்க, திருத்தி எடுத்தார்கள். கென்னடி ஃபீல்டு என்ற அந்த இடமே டஸ்கீகியின் முதல் விமானத் திடல். 1940-இல் முதல் அணி எழுத்துத் தேர்வை எழுதியது. எழுதிய அத்தனை பேரும் தேறினார்கள். போர் அமைச்சகத்தின் கண்ணில் டஸ்கீகி பட்டதற்கு இந்த முடிவும் ஒரு காரணம்.

இன்னொரு காரணம் அவ்வளவு பெருமைக்குரியது அல்ல. சிகாகோவில் ஏற்கெனவே பயிற்சி பெற்ற கறுப்பின விமானிகளும் மெக்கானிக்குகளும் இருந்தார்கள். கார்னீலியஸ் காஃபி, வில்லா பிரவுன் நடத்திய பள்ளியும் இருந்தது. ஆனால் அலபாமாவில் இனப் பிரிவினை சட்டமாகவே இருந்தது. தனித் தளம் என்றால் அங்கே யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். ஆண்டு முழுவதும் பறக்கத் தோதான வானிலை, மலிவான நிலம் என்பவையும் சேர்ந்துகொண்டன. கறுப்பினத்தவர் உரிமைக்காகப் போராடிய என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பும் பல பத்திரிகைகளும் தனித் தளத்தையே எதிர்த்தன. பிரித்துவைப்பதற்கு நாமே அடிக்கல் நாட்டுவதா என்பது அவர்கள் கேள்வி. பேட்டர்சனின் பதில் நடைமுறை சார்ந்தது: முதலில் பறக்கட்டும். இருதரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் எதிர்த்தவர்கள் எச்சரித்தவற்றில் பெரும்பாலானவை பின்னர் அப்படியே நடந்தன என்பதைச் சொல்லியாக வேண்டும்.

1941 ஜனவரியில் ஹோவர்ட் பல்கலைக்கழக மாணவர் யான்சி வில்லியம்ஸ், தன்னை விமானப் பிரிவில் சேர்க்க மறுப்பதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். கிட்டத்தட்ட அதே வேளையில் 99-ஆவது பர்சூட் ஸ்குவாட்ரன் என்ற கறுப்பினப் போர் விமானப் பிரிவை அமைக்கப் போவதாகப் போர் அமைச்சகம் அறிவித்தது.

பணம்

போருக்கு முந்தைய அவசரத்தில் ராணுவம் முதல்கட்டப் பயிற்சியைத் தானே நடத்தாமல் ஒப்பந்தப் பள்ளிகளிடம் விட்டிருந்தது. விமானங்களையும் பாடத்திட்டத்தையும் ராணுவம் தரும். திடல், கட்டடம், பயிற்றுநர் எல்லாம் ஒப்பந்தக்காரர் பொறுப்பு. டஸ்கீகி கல்வி நிலையம் அப்படி ஒரு ஒப்பந்தக்காரர் ஆனது. மற்ற ஒப்பந்தக்காரர்கள் பெரும்பாலும் முதலீடு கையில் உள்ள விமானத் தொழில் நிறுவனங்கள். இதுவோ நன்கொடையில் ஓடும் கல்லூரி. கென்னடி ஃபீல்டு ராணுவப் பயிற்சிக்குப் போதாது, புதுத் திடல் வேண்டும். கடன் கொடுக்க முன்வந்தது ஜூலியஸ் ரோசன்வால்டு நிதியம். தென்மாநிலக் கிராமங்களில் கறுப்பினப் பிள்ளைகளுக்காக ஆயிரக்கணக்கான பள்ளிகள் எழ உதவிய அறக்கட்டளை அது. கடன் தொகை 1,75,000 டாலர்.

எலினார் ரூஸ்வெல்ட்டின் புகழ்பெற்ற படம் இந்த இடத்தில்தான் வருகிறது. 1941 மார்ச் இறுதியில் டஸ்கீகிக்கு வந்த குடியரசுத் தலைவரின் மனைவி, சார்லஸ் ஆல்ஃபிரட் ஆண்டர்சன் ஓட்டிய சிறு விமானத்தில் பின்னால் அமர்ந்து ஊரைச் சுற்றினார். ஆண்டர்சன் சாதாரண ஆள் அல்ல. 1932-இலேயே வணிக விமானி உரிமம் பெற்ற முதல் கறுப்பின அமெரிக்கர். எல்லோருக்கும் அவர் 'சீஃப்'. அந்தப் பயணத்தால் மனம் மாறித்தான் வெள்ளை மாளிகை கறுப்பின விமானிகளை அனுமதித்தது என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். தேதிகள் அதற்கு ஒத்துவரவில்லை. ஸ்குவாட்ரன் அறிவிப்பு ஜனவரியில் வந்துவிட்டது. மார்ச் 22-இல் இல்லினாயின் சனூட் ஃபீல்டில் 99-ஆவது ஸ்குவாட்ரன் முறையாகவே தொடங்கப்பட்டது. எலினார் பறந்தது அதற்குப் பின்னர். அவர் ரோசன்வால்டு நிதியத்தின் அறங்காவலர்களில் ஒருவர். அறங்காவலர் கூட்டத்துக்காகவே டஸ்கீகி வந்திருந்தார். ஆக அந்தப் பயணத்தைக் கொள்கையோடு அல்ல, திடலோடு இணைத்துப் பார்ப்பதே பொருத்தம். படம் நாடெங்கும் பரவியதால் கிடைத்த ஆதரவு வேறு கணக்கு. அதையும் குறைத்துச் சொல்ல முடியாது.

கட்டுமானம்

இடத்தைத் தேர்ந்தெடுக்கவும் அளக்கவும் மேக்ஸ்வெல் ஃபீல்டின் ஆட்கள் உதவினார்கள். உள்ளே விடமாட்டோம், ஆனால் வெளியே இடம் பார்த்துத் தருகிறோம் என்ற நிலை. கட்டடங்களை வடிவமைத்ததில் முக்கியமானவர்கள் கட்டடக் கலைஞர் எட்வர்ட் மில்லரும் பொறியாளர் ஜி. எல். வாஷிங்டனும். கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர் ஆர்ச்சி அலெக்சாண்டர் என்ற கறுப்பினப் பொறியாளர். கல்வி நிலையத்தின் தொழிலாளர்களும் வேலையில் இறங்கினார்கள். விமானங்களை நிறுத்தும் கொட்டகைகளான ஹேங்கர்கள் இரண்டு, கட்டுப்பாட்டுக் கோபுரம், உடைமாற்றும் அறைகள், மாணவர்களுக்கான கிளப், அலுவலகங்கள், செங்கல் சேமிப்புக் கிடங்குகள் என்று ஒவ்வொன்றாக எழுந்தன. எல்லாம் முடிய 1942 ஆனது. ஆனால் 1941 ஆகஸ்டிலேயே அங்கே பயிற்சி தொடங்கிவிட்டது. 'இரண்டாம் எண் விமானத் திடல்' என்று அழைத்துவந்த இடத்துக்கு, கல்வி நிலையத்தின் இரண்டாவது தலைவரும் 1940-இல் காலமானவருமான ராபர்ட் ரஸா மோட்டனின் பெயரை வைத்தார்கள்.

இது முதல்கட்டப் பயிற்சிக்கு மட்டும். அடுத்த இரண்டு கட்டங்களுக்கு, சில மைல் தள்ளி, டஸ்கீகி ராணுவ விமானத்தளம் என்ற முழு அளவிலான தளத்தை ராணுவமே கட்டியது. ஒப்பந்தம் எடுத்தது மெக்கிஸாக் அண்ட் மெக்கிஸாக் என்ற கறுப்பின நிறுவனம். மதிப்பு பத்து லட்சம் டாலருக்கு மேல். 40 மைல் தூரத்தில் ஏற்கெனவே இருக்கும் ஒன்றை இன்னொரு முறை கட்டுவதற்கான செலவு அது.

பயிற்சி

மாணவன் முதலில் ஏறுவது ஸ்டியர்மேன் பிடி-17. மேலொன்று கீழொன்றாக இரட்டை இறக்கை, மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய இறக்கைகள், 220 குதிரைத்திறன் எஞ்சின், மேலே மூடியில்லாத இரண்டு இருக்கைகள். பயிற்றுநர் முன்னால், மாணவன் பின்னால். தரையில் நிற்கும் ஆள் எஞ்சின் பக்கவாட்டில் கைப்பிடியைச் செருகி, உள்ளே இருக்கும் சக்கரம் வேகமெடுக்கும் வரை சுற்றுவான். சக்கரம் வேகமெடுத்ததும் எஞ்சினோடு இணைப்பார்கள், உறுமிக்கொண்டு கிளம்பும்.

வானத்தில் பேசிக்கொள்ள ரேடியோ கிடையாது. கோஸ்போர்ட் குழாய் என்ற ரப்பர் குழாய்தான். பயிற்றுநர் வாயருகே ஒரு முனை, மாணவனின் தலைக்கவசக் காதுப்பகுதியில் இன்னொரு முனை. பேச்சு ஒருவழிப் பாதை. பயிற்றுநர் திட்டலாம், மாணவன் பதில் சொல்ல முடியாது; முன்னால் இருக்கும் சிறு கண்ணாடியில் முகம் பார்த்துத் தலையாட்டத்தான் முடியும்.

மாணவர்களை அதிகம் கவிழ்த்தது வானம் அல்ல, தரை. ஸ்டியர்மேனின் முன்சக்கரங்கள் இரண்டும் நெருக்கமாக இருக்கும். மூன்றாவது சக்கரம் வாலில். எடையின் மையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் விழுவதால், தரையிறங்கி ஓடும்போது வால் லேசாக ஒருபக்கம் விலகினால் தானாக நேராகாது, இன்னும் விலகும். சுக்கான் மிதியை உடனே, அளவாக மிதித்துத் திருத்தாவிட்டால் விமானம் சடாரென்று சுழன்று இறக்கை நுனி மண்ணில் உரசும். அந்தச் சுழலுக்குக் கிரவுண்ட் லூப் என்று பெயர். திடல் புல்தரையாக இருந்தது இதற்கு ஒருவகையில் நல்லது. கான்கிரீட்டில் சக்கரம் கவ்விப் பிடிக்கும், புல்லில் கொஞ்சம் வழுக்கும்; சிறு தவறுகள் மன்னிக்கப்படும். ஒரே திசையில் ஓடும் பாதை இல்லாத அகன்ற திடல் என்பதால், காற்று எந்தப் பக்கமிருந்து வீசினாலும் அதற்கு எதிர்முகமாகவே இறங்கலாம். பக்கக் காற்று என்ற தலைவலி புதியவனுக்கு இல்லை.

சில மணி நேரம் பயிற்றுநரோடு பறந்தபின் முதல் தனிப்பறப்பு. அப்புறம் சுழல் வீழ்ச்சியிலிருந்து மீள்வது, எஞ்சின் நின்றுபோனதாக வைத்துக்கொண்டு கீழே ஒரு வயலைத் தேர்ந்தெடுப்பது, துல்லியமாகத் திரும்புவது. மொத்தம் சுமார் 60 மணி நேரம். மூடிவைத்த பாராசூட்டைத் திறந்து, உலர்த்தி, மடித்துக் கட்டும் பணியில் பெண்கள் இருந்தார்கள். மெக்கானிக்குகளிலும் பெண்கள் உண்டு.

இந்தத் தளத்தின் தனிச்சிறப்பு அதன் பயிற்றுநர்கள். சீஃப் ஆண்டர்சன் தலைமையில் கறுப்பினப் பயிற்றுநர்களே பெரும்பாலும் கற்றுக்கொடுத்தார்கள். அடுத்தகட்டத்துக்கு, ராணுவத் தளத்துக்குப் போனால் நிலைமை தலைகீழ்: அங்கே கற்றுத் தந்தவர்கள் வெள்ளை அதிகாரிகள். மோட்டனிலும் கடைசித் தீர்ப்பு ராணுவத்துடையது. தேர்வுப் பறப்பில் உடன்வரும் அதிகாரி தலையசைக்காவிட்டால் பயிற்றுநர் என்ன சொன்னாலும் பலனில்லை.

முதல் அணியில் 13 பேர். அவர்களில் ஒருவர், 1936-இல் திருப்பி அனுப்பப்பட்ட அதே டேவிஸ், இப்போது கேப்டன். 1941 செப்டம்பர் 2-இல் அவர் தனியாகப் பறந்தார். 1942 மார்ச் 7-இல், மூன்று கட்டங்களையும் முடித்து விமானிச் சின்னம் அணிந்தவர்கள் ஐந்தே பேர்: டேவிஸ், லெமுவல் கஸ்டிஸ், சார்லஸ் டிபோ, ஜார்ஜ் ராபர்ட்ஸ், மேக் ராஸ்.

ஒற்றை வாசல்

நாடு முழுவதும் ராணுவத்துக்கு முதல்கட்டப் பயிற்சி தரப் பல பத்து ஒப்பந்தப் பள்ளிகள் இருந்தன. கறுப்பின மாணவர்களுக்கு மோட்டன் ஒன்றுதான். இந்தக் கதையின் மையமே இந்த ஒன்று என்ற எண்ணிக்கைதான் என்பது என் கருத்து. அவமதிப்பு ஒருபக்கம் இருக்கட்டும். ராணுவத்தின் சொந்தக் கணக்கிலேயே இது எப்படி நஷ்டமானது என்று பாருங்கள்.

ஒரு வெள்ளை மாணவன் விமானியாகத் தேறாவிட்டால் நேவிகேட்டராகவோ (வழி காட்டுபவர்) பாம்பர்டியராகவோ (குறிபார்த்துக் குண்டு வீசுபவர்) வேறு பள்ளிக்கு மாறலாம். டஸ்கீகியில் தேறாதவனுக்கு முதல் சில ஆண்டுகள் அப்படி ஒரு மாற்று வழியே இல்லை. நல்ல கணிதம் தெரிந்த, வானத்தில் பயமில்லாத, ஆனால் தரையிறக்கத்தில் தடுமாறிய இளைஞன் சாதாரணச் சிப்பாயாக அனுப்பப்பட்டான். விளைவு 1944-இல் தெரிந்தது. 477-ஆவது குண்டுவீச்சுப் பிரிவைக் கறுப்பினத்தவர்களைக் கொண்டு அமைத்தபோது விமானிகள் இருந்தார்கள், நேவிகேட்டர்களும் பாம்பர்டியர்களும் இல்லை. பயிற்சி இழுத்துக்கொண்டே போனது. இண்டியானாவின் ஃப்ரீமேன் ஃபீல்டில் வெள்ளை அதிகாரிகளுக்கு மட்டும் என்று ஒதுக்கிய கிளப்புக்குள் கறுப்பின அதிகாரிகள் நுழைந்தார்கள். அதைத் தொடர்ந்து, பிரிவினையை ஒப்புக்கொள்ளும் ஆணையில் கையெழுத்திட மறுத்ததற்காக 1945 ஏப்ரலில் 101 பேர் கைதானார்கள். போர் முடியும்வரை அந்தப் பிரிவு ஒரு தாக்குதலுக்குக்கூடப் போகவில்லை.

ஐரோப்பாவில் பறந்த போர் விமானிகளுக்கு இன்னொரு விதமான நெருக்கடி. மற்ற பிரிவுகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையில் பறந்து முடித்தவரை ஊருக்கு அனுப்பிவிட்டுப் புதியவரை வைப்பார்கள். டஸ்கீகி விமானிகள் பறந்த 332-ஆவது போர் விமானப் பிரிவுக்குப் புதிய ஆட்கள் வர ஒரே வழி டஸ்கீகி. அங்கிருந்து வருவது சொட்டுச் சொட்டாக. ஆகவே இருப்பவர்களே மேலும் மேலும் பறந்தார்கள். 1941 முதல் 1946 வரை டஸ்கீகியில் விமானிகளாகத் தேறியவர்கள் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. வெளிநாட்டுப் போர்முனைகளில் பறந்தவர்கள் 355 பேர்.

தளத்துக்குள்ளும் பிரிவினை வந்தது. ராணுவத் தளத்தின் தொடக்ககாலத் தளபதி ஃப்ரெடரிக் வான் கிம்பிள் காலத்தில் உணவகம், கழிப்பறை எல்லாம் இனவாரியாகப் பலகை மாட்டிப் பிரிக்கப்பட்டன. 1942 இறுதியில் பொறுப்பேற்ற நோயல் பாரிஷ் பலகைகளை அகற்றினார். முதலில் மோட்டனில் முதல்கட்டப் பயிற்சியை மேற்பார்வையிட்டவர் அவர். மாணவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். போர் அமைச்சருக்கு ஆலோசகராக இருந்த வில்லியம் ஹேஸ்டி 1943 ஜனவரியில் பதவியைத் துறந்தார். தனித்தனிப் பயிற்சி முறையைப் படை கைவிட மறுத்தது முக்கியக் காரணம். பாரிஷ் சீருடையில் இருந்தபடியே வேறு வழியில் அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார். 1947-இல், மேக்ஸ்வெல் ஃபீல்டில் படிக்கும்போது, விமானப்படையில் இனப் பிரிவினை பற்றியே ஆய்வேடு எழுதி, அது திறமையைக் கெடுக்கிறது, முடிவுக்கு வர வேண்டும் என்று வாதிட்டார். 1948 ஜூலை 26-இல் ட்ரூமன், இப்போது குடியரசுத் தலைவராக, படைகளில் சம வாய்ப்புக்கான ஆணையில் கையெழுத்திட்டார்.

எது மிஞ்சியது

1946-இல் பயிற்சி நின்றது. அதன்பின் இரண்டு தளங்களும் இரண்டு வழியில் போயின. மோட்டன் திடல் கல்வி நிலையத்தின் சொத்து. 1972-இல் அதில் ஒரு பகுதி டஸ்கீகி நகரத்தின் கைக்கு வந்து நகராட்சி விமான நிலையமானது. இன்றும் சிறு விமானங்கள் வந்துபோகின்றன. சீஃப் ஆண்டர்சன் 1996-இல் இறக்கும்வரை டஸ்கீகியிலேயே இருந்து பலருக்குப் பறக்கக் கற்றுத் தந்தார். 1989-இல் இரண்டாம் ஹேங்கர் எரிந்துபோனது. 1998 நவம்பரில் இந்த இடம் தேசிய வரலாற்றுத் தலமானது. முதல் ஹேங்கர் 2008 அக்டோபரிலும், மீண்டும் கட்டிய இரண்டாம் ஹேங்கர் 2014-இலும் பார்வையாளர்களுக்குத் திறக்கப்பட்டன. மறைந்துபோன சில கட்டடங்களின் இடத்தில் வெறும் இரும்புச் சட்டங்களால் அவற்றின் உருவத்தை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறார்கள். பொய்யாகப் புதுக் கட்டடம் கட்டிப் பழசு என்று காட்டாதது பாராட்ட வேண்டிய முடிவு.

பெரிய தளம், ராணுவம் கட்டியது, மூடியதும் சிதறியது. கட்டடங்கள் கலைக்கப்பட்டன, நிலம் தனியார் கைக்குப் போனது.

இதனால் நினைவு ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டது. பலகை மாட்டிப் பிரித்த உணவகம் இருந்த தளம் மறைந்து, கறுப்பினப் பொறியாளர்கள் கட்டி, கறுப்பினப் பயிற்றுநர்கள் கற்றுத்தந்த தளம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. வருபவர் பார்ப்பது பெரும்பாலும் சாதனையை. அதனோடு சேர்ந்து வளர்ந்த கதைகளும் உண்டு. டஸ்கீகி விமானிகள் துணைக்குப் போன குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட எதிரியிடம் வீழ்ந்ததில்லை என்பது அவற்றில் மிகப் பிரபலம். விமானப்படையின் பதிவேடுகளை ஒப்பிட்ட வரலாற்றாசிரியர் டேனியல் ஹால்மன், அவர்கள் காவலில் 27 விமானங்கள் வீழ்ந்தன என்று காட்டினார். அதே படையின் மற்றக் காவல் பிரிவுகளுக்குச் சராசரி 46. உண்மையான எண்ணே அவர்கள் திறமைக்குப் போதுமான சான்று, பூஜ்யம் தேவையில்லை.

ஆகவே மோட்டன் ஃபீல்டுக்குப் போகிறவர்கள் அப்படியே நெடுஞ்சாலையில் மாண்ட்கோமரி வரை ஓட்டிப்போய், மேக்ஸ்வெல் தளத்தின் வாசலையும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வருவது நல்லது. முக்கால் மணி நேரப் பயணம்தான். இரண்டாவது தளம் ஏன் கட்டப்பட்டது என்ற கேள்விக்கு ஹேங்கருக்குள் இருக்கும் எந்தக் காட்சிப்பெட்டியையும்விட அந்தத் தூரம் தெளிவாகப் பதில் சொல்லும்.